கரண்டு வைக்கும் மெஷினில் எர்ரர் மெசேஜ்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எர்ரர் மெசேஜ் வந்தால் எல்லோருக்கும் பயம்தான். ஒரு மாதம் போனால் பயம் தெளிந்துவிடும். கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே ஓகே பட்டனில் கிளிக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வீட்டில் இதனால் மிஞ்சிப் போனால் ஒரு பைல் போகும். மருத்துவமனையில் இதே பழக்கம் உயிரைப் பறித்திருக்கிறது.

திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் புற்றுநோயாளி இருக்கும் வீட்டில் விசாரித்தால், "திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் கரண்டு வைக்கப் போயிருக்கிறார்" என்பார்கள். உண்மையில் நோயாளியின் உடம்பில் கரண்டு எதுவும் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் மெஷின், எலெக்ட்ரான்களை மிக வேகமாக ஓடவைத்து ஓர் உலோகத் தகட்டில் மோதவிடுகிறது. அப்போது பிறக்கும் எக்ஸ்-ரே கதிர் புற்றுநோய் செல்களை அழிக்கிறது. தோலுக்கு அருகில் உள்ள கட்டி என்றால் தகட்டை விலக்கிவிட்டு, எலெக்ட்ரான்களையே மிகக் குறைந்த அளவில் நேரடியாகச் செலுத்துவார்கள். கதிரின் அளவை 'கிரே' என்ற அலகால் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு நாளைக்குச் சுமார் 2 கிரே, வாரத்தில் 5 நாள், 5 முதல் 7 வாரம் வரை சிகிச்சை நடக்கும். எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் கணக்கிடுவதும் மெஷினை இயக்குவதும் கம்ப்யூட்டர்தான்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். மெஷினின் பெயர் தெராக்-25. தயாரித்தது கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம். இதற்கு முந்தைய மாடலில், தகடு சரியான இடத்தில் இல்லாவிட்டால் கதிர் வெளியே வராதபடி தனியாக ஒரு ஹார்ட்வேர் பூட்டு இருந்தது. தெராக்-25-ல் அதை எடுத்துவிட்டு, அந்த வேலையையும் சாப்ட்வேரிடமே ஒப்படைத்தார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 விபத்துகள் நடந்தன.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்ததைப் பாருங்கள். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' என்ற எழுத்தை டைப் செய்ய வேண்டிய ஆபரேட்டர், எக்ஸ்-ரே சிகிச்சைக்கான 'எக்ஸ்' எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, அம்புக்குறி கீயால் மேலே போய்த் திருத்தி, மளமளவென்று என்டர் தட்டினார். மானிட்டரில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் மெஷினின் காந்தங்கள் தயாராக 8 வினாடி ஆகும். அந்த 8 வினாடிக்குள் செய்த திருத்தத்தை புரோகிராம் முழுமையாகக் கவனிக்கவில்லை. எக்ஸ்-ரேக்கு வேண்டிய பலமான எலெக்ட்ரான் கற்றை, தகடு இல்லாமல் நேராக நோயாளியின் மேல் பாய்ந்தது. மெஷின் நின்று 'மால்பங்ஷன் 54' என்று காட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டருக்கான புத்தகத்தில் விளக்கம் இல்லை. இப்படி மெசேஜ் வருவது அங்கே சகஜம். 'பி' கீயைத் தட்டினால் சிகிச்சை தொடரும். ஆபரேட்டரும் தட்டினார். இரண்டாவது முறையும் கதிர் பாய்ந்தது. அறையில் இருந்த கேமராவுக்கு அன்று இணைப்பு கொடுக்கவில்லை, இன்டர்காமும் பழுது. நோயாளி துடித்தது வெளியே தெரியவில்லை. சுமார் 2 கிரே வாங்க வேண்டியவர் நூறு கிரேக்கும் மேல் வாங்கியிருந்தார். சில மாதங்களில் இறந்துபோனார்.

அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் அதே மெசேஜ், அதே விபத்து. அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் அந்த ஆபரேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப டைப் செய்து பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தார். மெதுவாக டைப் செய்தால் பிழை வராது. கைதேர்ந்தவர் வேகமாக டைப் செய்தால் மட்டுமே தலைகாட்டும்!

யகிமா நகரில் 1987-ல் நடந்த விபத்துக்கு வேறொரு காரணம். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எண்ண முடியும் என்று படித்திருப்பீர்கள். சரிபார்ப்பு தேவை என்பதைக் காட்டும் அடையாளத்தை புரோகிராம் ஒரே பைட்டில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனது. 255-க்கு அடுத்து அது 0 ஆகிவிடும். 0 என்றால் சரிபார்ப்பு தேவையில்லை என்று அர்த்தம். சரியாக அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தியதால் சரிபார்ப்பு நடக்கவே இல்லை.

சாப்ட்வேர் எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பனாமா நாட்டு மருத்துவமனையில் 2000, 2001-ம் ஆண்டுகளில் 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர் போனது. நல்ல உறுப்புகளை மறைக்க வைக்கும் ஈயக் கட்டிகளில் நான்கைத்தான் அங்கிருந்த திட்டமிடும் சாப்ட்வேர் ஏற்கும். ஐந்து தேவைப்பட்டதால், எல்லாவற்றையும் ஒரே கட்டி போலப் பதிவு செய்தார்கள். சாப்ட்வேர் மறுப்புச் சொல்லவில்லை. ஏறத்தாழ இருமடங்கு நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது. ஒரு தாளை எடுத்துக் கையால் கணக்குப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே இன்று நல்ல மருத்துவமனைகளில், ஒரு கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அதனோடு தொடர்பில்லாத இன்னொரு வழியில் சரிபார்த்த பிறகே சிகிச்சை தொடங்குகிறது. வேறொரு புரோகிராமில் போட்டுப் பார்ப்பார்கள். சிக்கலான சிகிச்சை என்றால், நோயாளிக்குப் பதிலாக பேன்டம் என்ற பிளாஸ்டிக் அல்லது தண்ணீர் மாதிரியின் மேல் முதலில் கதிரைச் செலுத்தி அளந்து பார்ப்பார்கள். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே மெஷினின் கதிர் அளவைச் சோதிப்பார்கள். இந்தியாவில் 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் இந்த மெஷினை இயக்க முடியாது. மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை தபாலில் நடப்பது. கதிர் பட்டால் அதன் அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு பொடியைச் சிறு உறையில் போட்டு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குறிப்பிட்ட அளவு கதிரைச் செலுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். பொடியைச் சூடாக்கினால் அது விடும் வெளிச்சத்தை வைத்து, உண்மையில் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லிவிடலாம். சர்வதேச அணுசக்தி முகமை 1969-ல் இந்தத் தபால் சோதனையைத் தொடங்கியது. இந்தியாவில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதை நடத்துகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 1976 முதல் 2007 வரை உலகம் முழுவதும் வெளிவந்த தகவல்களை உலக சுகாதார நிறுவனம் திரட்டியபோது, கதிர் சிகிச்சைத் தவறுகளால் பாதிக்கப்பட்டதாகக் கிடைத்த கணக்கு 3,125 பேர். பதிவாகாதவை இன்னும் இருக்கலாம். ஆனாலும் சிகிச்சை பெற்றவர்கள் பல கோடி. இடையில் நாள் விட்டுப்போனால்தான் கட்டி மறுபடி வளர வாய்ப்பு அதிகம்.

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சைக்குப் போனால் இதைச் சொல்லி அனுப்புங்கள். தினமும் பெயரைக் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம், ஆள் மாறிவிடாமல் இருக்கத்தான் கேட்கிறார்கள். கதிர் பாயும்போது பொதுவாக எதுவும் தெரியாது. சூடோ, வலியோ, ஷாக் அடித்தது போலவோ தோன்றினால் உடனே கையைத் தூக்க வேண்டும். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர் மெஷினை நிறுத்திவிடுவார். கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.