சுண்ணாம்பு ஏன் சுடுது?

ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணியில துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாகுது இல்லையா? மஞ்சளில் இருக்கிற குர்குமின், காரத்தன்மை உள்ள பொருளோட சேர்ந்தா நிறம் மாறும். விஷயம் அவ்வளவுதான். நான் பேச வந்தது, அதே சுண்ணாம்பு கண்ணுல பட்டா என்ன ஆகும்னு.

முதல்ல அது எங்கிருந்து வருது? சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் ரெண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்தால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு போயிடும். 100 கிலோ சுத்தமான கல்லைப் போட்டா மிஞ்சுறது 56 கிலோ. மீதி 44 கிலோ காத்துல! சிமென்ட் ஆலைகளோட தலைவலியும் இதுதான். எரிபொருளை மாத்தலாம், ஆனா கல்லுக்குள்ளயே இருக்கிற வாயுவை என்ன பண்றது? அதுக்கு ஒரு தனி எபிசோடே போடணும்.

மிஞ்சுறது கால்சியம் ஆக்சைடு. இதுல தண்ணி ஊத்தினா அடுப்பே இல்லாம புகைஞ்சு கொதிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டில் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவங்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். பக்கத்துல போனா திட்டு விழும். அப்போ உருவாகிறது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவத்துல பூசினா, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்து, பழையபடி கால்சியம் கார்பனேட்டா இறுகிடும். சுத்திச் சுத்தி கல்லுக்கே வந்துட்டோம்.

வெத்தலைக்குத் தடவுறதும் இதே ஹைட்ராக்சைடுதான். "அதான் ஆறிடுச்சே, வாயில போடுறோமே" என்று தோணும். சூடுதான் ஆறுது, காரம் ஆறுறதில்லை. தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்போட பி.எச். அளவு 12-க்கு மேல. வெத்தலையில தடவுறது ஒரு துளி. குழந்தைங்க விளையாட்டா சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தும்போது, வெடிச்சு நேரா கண்ணுக்குள்ள அடிக்குது. இந்தியக் கண் மருத்துவர்கள் இதைப் பல வருஷமா எச்சரிச்சுட்டு இருக்காங்க.

அமிலம் பட்டா கண்ணோட மேல்பகுதிப் புரதம் உறைஞ்சு, ஓரளவு தடுப்பு மாதிரி நிக்கும். காரம் அப்படி நிக்காது. செல் சவ்வுல இருக்கிற கொழுப்பை, சோப்பு தயாரிக்கிற அதே வினையால கரைச்சு உள்ளே இறங்கும். இமைக்கு அடியில ஒட்டின துணுக்கு வேற, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுட்டே இருக்கும்.

அதனால அந்த நிமிஷமே குழாய்த் தண்ணி. இமையை நல்லா விரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது 20, 30 நிமிஷம் விடாம கழுவணும். குழந்தை அழும், கத்தும், நிறுத்தாதீங்க. "காரத்துக்கு அமிலம்தானே மாத்து" என்று எலுமிச்சைச் சாறு, வினிகர் பக்கம் போயிடாதீங்க, புண்ணு இன்னும் மோசமாகும். கழுவின பிறகு நேரா கண் ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் முதல்ல "சுண்ணாம்பு பட்டுடுச்சு" என்று சொல்லுங்க. அப்பதான் இமையைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருக்கிற துணுக்கைத் தேடி எடுப்பாங்க.