அக்கா கேட்ட அந்த ட்யூப்!

"டேய், இந்த வாரம் ஊருக்கு வரும்போது மெடிக்கல்ல ஒரு க்ரீம் வாங்கிட்டு வந்துடு. பேரு மெசேஜ்ல அனுப்பியிருக்கேன். மாமாகிட்ட மூச்சு விடாதே!"

அக்காவுக்கு அப்போது ஏழாவது மாசம். அடுத்த வாரம் வளைகாப்பு. ஓசூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்பில் செல்போனை நீட்டினேன். சீட்டு எங்கேன்னு கேட்கலை, யாருக்குன்னும் கேட்கலை. எடுத்துக் கொடுத்துட்டாங்க. அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்கு நல்லாவே தெரிஞ்ச ட்யூப்!

செகண்ட் இயர் சிம்போசியத்துக்கு முன்னாடி, பரு போகும்னு ஹாஸ்டல் ரூம்மேட் கொடுத்தது. ரெண்டே வாரத்துல முகம் பளபளன்னு ஆயிடுச்சு. ஃபோட்டோ எல்லாம் சூப்பர். நிறுத்தின நாலாம் நாள் மிளகாய்ப்பொடி தடவின மாதிரி எரிச்சல், முன்னைவிட ரெண்டு மடங்கு பரு. தோல் டாக்டர்கிட்ட போய் சரியாக மூணு மாசம் ஆச்சு. உங்க ஹாஸ்டல் ரூம்லயும் யாராவது ஒருத்தர் பக்கெட்ல அந்த ட்யூப் கிடக்கும். போய்ப் பாருங்க.

க்ரீமை வாங்காமலே வீட்டுக்குப் போனேன். அக்கா செம கடுப்பு. "உனக்கென்னடா தெரியும்? வளைகாப்புல எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க"ன்னு அழுதுட்டாங்க. ரெண்டு கன்னத்துலயும், நெத்தியிலயும், மேல் உதட்டுக்கு மேலயும் காப்பித்தூள் கலர்ல படை. நான் அதைச் சரியாகப் பார்த்ததே அன்னிக்குத்தான்.

இதுக்குத் தமிழ்ல பேர், மங்கு. எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தை 'மங்கு மச்சலு' என்றார். கன்னடம் பேசும் ஹவுஸ் ஓனரம்மா 'பங்கு' என்றார். மூணு பாஷை பேசுற நம்ம பார்டர் ஏரியாவில் எதுக்கும் ஒரே பேர் கிடையாது. இதுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரே பேர்! பேர் சொன்ன கையோடு ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னாங்க. எலுமிச்சை தேய், ஜாதிக்காய் இழைச்சுப் போடு, குங்குமப்பூ குடி. முகம் கறுத்தால் பையன்னு ஒரு பாட்டி, இல்லை பொண்ணுதான்னு இன்னொரு பாட்டி. (எலுமிச்சையை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதைத் தேய்ச்சுட்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகி, இன்னும் கறுக்கும்.)

சரி, இது ஏன் வருது? நம்ம சிப்காட் பாஷையிலேயே சொல்றேன். தோலுக்குள்ள மெலனோசைட்னு குட்டி மெஷின்கள் இருக்கு. மெலனின் என்ற நிறமியைத் தயாரிப்பது அதுதான். வெள்ளையா இருக்கிறவங்களுக்கும் கறுப்பா இருக்கிறவங்களுக்கும் மெஷின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒண்ணுதான், உற்பத்திதான் வேற. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோன் எல்லாம் கூடுது. ஆர்டர் குவிஞ்சால் கம்பெனியில் ஓவர்டைம் ஓடுதே, அதே கதை. மேலே வெயில் பட்டால் நைட் ஷிஃப்டும் சேர்ந்து ஓடும். தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு விழுவதும், மார்புக் காம்பைச் சுத்தி, அக்குளில், தொடையில் கறுப்பதும் இதே கணக்குதான். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு இடத்தில் நிறம் கூடும் என்கின்றன மருத்துவப் பாடப்புத்தகங்கள். அழுக்கும் இல்லை, தொத்தவும் தொத்தாது, குழந்தைக்கும் ஒண்ணும் ஆகாது.

அப்புறம் ட்யூபில் என்ன பிரச்னை? அந்த வகை க்ரீமில் பெரும்பாலும் மூணு சரக்கு: நிறமி உற்பத்தியை அடக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினோயின், கூடவே மொமெட்டாசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. தோல் டாக்டரே சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தருவது உண்டு, அது வேற. நாமளே மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், அதனால நிறுத்தவே முடியாது. கர்ப்பத்திலோ முதல் ரெண்டையும் டாக்டர்கள் தவிர்க்கவே சொல்றாங்க. ஹைட்ரோகுவினோன் தோல் வழியாகக் கணிசமாக ரத்தத்தில் கலக்கும். 2018 மார்ச்சிலேயே 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துடுச்சு. என்கிட்ட சீட்டு கேட்காதது எவ்வளவு பெரிய தப்புன்னு இப்போ புரியுதா?

க்ரீம்தானே, தோலோடு போயிடும்னு நினைக்காதீங்க. பக்கத்து கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அபூர்வ வகை. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசினவங்க! வில்லன், பாதரசம். அக்கா கேட்டது வேற ரக ட்யூப்தான். ஆனா லேபிள் ஒழுங்காக இல்லாத க்ரீமில் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே பேரில் இருந்த 'ஃபேரை' எடுத்துட்டு 'க்ளோ' ஆயிடுச்சு. வளைகாப்புக்கு வர்ற சொந்தக்காரங்கதான் இன்னும் மாறலை.

மறுநாள் அக்காவைக் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போனோம். முதலில் கழுத்தைத்தான் பார்த்தாங்க. கழுத்து, அக்குளில் தோல் தடிச்சு வெல்வெட் மாதிரி கறுத்திருந்தால் சர்க்கரை டெஸ்ட் பார்க்கணுமாம். உள்ளங்கை, உள்ளங்கால் தாங்க முடியாம அரிச்சால் கல்லீரல் சமாச்சாரமா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்னாங்க. அக்காவுக்கு ரெண்டும் இல்லை. சுத்தமான மங்கு. "பிரசவத்துக்கு அப்புறம் தானா மங்கும், சிலருக்கு வருஷம் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும். இப்போ ஒரே வைத்தியம், வெயிலைத் தடுக்கிறது"ன்னு முடிச்சுட்டாங்க.

இங்கேதான் நான் மாட்டினேன். 'குட்டி இங்கிலாந்து' ஓசூர்ல வெயில் எங்கே இருக்குன்னு கேட்டேன். ஊர் குளுகுளுன்னு இருக்கிறதுக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அது கூடத்தான் செய்யும். புற ஊதா 'ஏ' கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாவே உள்ளே வரும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதனால ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும், எஸ்.பி.எஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன். லேசாகத் தோல் நிறம் கலந்தது, அதாவது அயர்ன் ஆக்சைடு உள்ளதுன்னா இன்னும் நல்லது. முகம், கழுத்துக்கு ரெண்டு விரல் நீளம். வெளியில் இருந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசணும். விலை கையைக் கடிக்கும், உண்மைதான். குடைக்கு ஒரே தடவைதான் செலவு.

வளைகாப்பு ஆல்பத்துல ஃபோட்டோகிராஃபர், கேட்காமலே அக்கா முகத்தை வெளுத்து வெச்சிருந்தார். அக்கா அந்த ஆல்பத்தைத் திறக்கிறதே இல்லை.

பொண்ணு பொறந்தாள். வயித்துக் கோடு சில மாசத்தில் மறைஞ்சுடுச்சு. கன்னத்துல பாதி போச்சு, பாதி இருக்கு. பாதி போகலையேன்னு அக்கா மறுபடியும் அந்த ட்யூபைப் பத்திப் பேச்செடுத்தாங்க. திரும்பவும் டாக்டரம்மாகிட்டயே போனோம். பால் கொடுக்கிறதால அசெலாயிக் ஆசிட் க்ரீம் எழுதினாங்க. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மங்கைக் கூட்டலாம், காப்பர்-டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழியைப் பாருங்கன்னாங்க. இதை எந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்லலை!

26 வாரப் பேறுகால விடுப்பு முடிஞ்சு அக்கா இப்போ சூளகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போறாங்க. என் பங்குக்கு ஒரு எஞ்சினீயரிங் உதவி பண்ணேன். மேப்பை விரிச்சு ஹைவே போகும் திசையையும் சூரியன் இருக்கும் திசையையும் போட்டுப் பார்த்தேன். காலையில் பஸ் வடமேற்கே ஓடுது, சூரியன் கிழக்கே: வெயில் வலது ஜன்னலில். சாயங்காலம் தென்கிழக்கே திரும்புது, சூரியன் மேற்கே: மறுபடியும் வலது ஜன்னல்! அதாவது டிரைவர் பக்கம் உட்கார்ந்தால் ரெண்டு வேளையும் வெயில்.

அக்கா இப்போ இடது பக்க ரெண்டாவது சீட்டுல துண்டு போட்டு வெச்சிருக்காங்க.