கார் ‘மக்கர்’ பண்ணுதா? பேட்டரியை மாற்றும் முன் உஷார்!

சென்னை:-

காலை மணி 5. தெரு இன்னும் கண் விழிக்கவில்லை. பால் பாக்கெட் போடும் பையன் மட்டும் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான்.

வாடகைக் கார் டிரைவர் ஒருவர் அவசர அவசரமாக வண்டியில் ஏறுகிறார். மீனம்பாக்கம் சவாரி. விமானம் பிடிக்க வேண்டிய குடும்பம் அடுத்த தெருவில் பெட்டி படுக்கையுடன் காத்து நிற்கிறது.

சாவியைத் திருப்புகிறார். ‘டக்!’

மறுபடி திருப்புகிறார். ‘டக்... டக்... டக்...’ அவ்வளவுதான். என்ஜின் மூச்சு விடவில்லை.

எதிர் வீட்டு வாட்ச்மேன் கொட்டாவி விட்டபடி வருகிறார். “பேட்டரி அவுட்டு அண்ணே. புதுசு போட்டுடு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்.

சவாரி போச்சு. அன்று மாலையே பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்து, கையிலிருந்து ஆயிரக்கணக்கில் பணமும் போட்டுப் புதுசு வாங்கி மாட்டுகிறார். தொல்லை விட்டது என்று நிம்மதி.

விட்டதா? ஒரே வாரம்! அதே வண்டி. அதே காலை. அதே ‘டக்... டக்... டக்...’

நாலு பேர் மேல் சந்தேகம்

இது ஊரில் எந்தத் தெருவிலும் நடக்கிற கதை. வண்டி கிளம்பவில்லை என்றால் எல்லோரும் பழி போடுவது பேட்டரி மீதுதான். ஆனால் சந்தேகப்பட வேண்டியவர்கள் நாலு பேர்.

பேட்டரி ஒன்று. அதன் தலையில் உள்ள டெர்மினல் இரண்டு. ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மூன்று. மெக்கானிக் பாஷையில் இன்றைக்கும் அதற்கு ‘டைனமோ’ என்றுதான் பெயர். வண்டி நிற்கும்போது கரண்டைத் திருடும் ஏதோ ஒரு விளக்கோ கருவியோ நாலாவது.

இதில் யார் குற்றவாளி என்று பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதுசும் பழசு போன வழியே போகும்.

நம் டிரைவர் இரண்டாம் தடவை புத்திசாலி ஆனார். கடைக்கு ஓடவில்லை. தனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக்கை வரவழைத்தார்.

“யாரு தம்பி பேட்டரியை மாத்தச் சொன்னது?”

“வாட்ச்மேன் சொன்னாருண்ணே.”

“மீட்டர் வெச்சுப் பார்த்தாரா?”

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

முதலில் தலையைப் பார்!

மெக்கானிக் முதலில் பார்த்தது டெர்மினலை. அங்கே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. செல்ப் மோட்டார் என்ஜினைச் சுற்ற அந்த ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். கிளாம்ப் லேசாக ஆடினாலும் போதும், ‘டக்’ சத்தத்தோடு சரி.

இதற்கு வைத்தியம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பூத்தது கரைந்துவிடும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஆச்சு. எத்தனையோ ‘செத்த’ பேட்டரிகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்!

டிரைவரின் வண்டியில் டெர்மினல் பளிச்சென்று இருந்தது. அடுத்த ஆள்?

மீட்டர் பொய் சொல்லாது

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆறையும் கூட்டினால் 12.6. இதுதான் ஆரோக்கியமான பேட்டரியின் நாடித் துடிப்பு.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். ராத்திரி முழுக்க வண்டி நின்ற பிறகு, சாவி போடாமல் பார்க்க வேண்டும். 12.6 காட்டினால் வயிறு நிறைய சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால்தான். அதற்கும் கீழே போனால் பட்டினி!

10.5 அளவில் நின்று, சார்ஜ் ஏற்றியும் அசையவில்லையா? ஆறில் ஒரு அறை செத்துவிட்டது என்று கணக்கு. அந்த பேட்டரிக்கு வைத்தியமே கிடையாது.

அடுத்த சோதனை ஸ்டார்ட் அடிக்கும்போது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி அப்போதும் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அதற்கு வயதாகிவிட்டது.

டிரைவரின் புது பேட்டரி 11.7 காட்டியது. ஒரு வாரக் குழந்தை, அதற்குள் பட்டினி!

“பேட்டரி கெட்டுப் போகல தம்பி. அதுக்குச் சோறு போடுறவன்தான் போடல” என்றார் பெரியவர்.

சிவப்பு விளக்கு சொன்ன சேதி

தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். என்ஜின் ஓடும்போது மீட்டர் பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். அப்படி இருந்தால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். 15-ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும். அங்கே எண் மாறி மாறிக் காட்டும்.

இந்த வண்டியில் 13.2 காட்டியது. ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டதும் ‘தொபுக்’கென்று 12.3!

“காலையில வண்டி எடுத்தா ‘கீச்’சுனு கத்துமா?”

“ஆமாண்ணே.”

“டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு?”

“எப்பவாச்சும் மினுக்கும். நான் கண்டுக்கல.”

அங்கேதான் மாட்டிக்கொண்டான் குற்றவாளி! ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் தேய்ந்து தளர்ந்துபோய் வழுக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு விளக்கு ‘பேட்டரி கெட்டது’ என்று சொல்வதில்லை. ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று சொல்கிறது. ஓடும்போது அது எரிந்தால் மீட்டர், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் முன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

புது பெல்ட் போட்டதும் 14.1 வோல்ட். பேட்டரியை வெளியே மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதும் பழையபடி துள்ளியது.

“நல்லா இருந்த பழைய பேட்டரியைத் தூக்கிக் கொடுத்துட்டியோ என்னவோ தம்பி” என்றார் பெரியவர். டிரைவர் பதில் சொல்லவில்லை.

ராத்திரித் திருடன்

பெல்ட்டும் சரி, பேட்டரியும் சரி. ஆனாலும் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் வண்டி கிளம்பவில்லையா? அப்படியானால் நாலாவது ஆசாமியைத் தேட வேண்டும்.

டிக்கி மூடியும் அணையாத ஒரு சின்ன 5 வாட் பல்பு போதும். ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி குடித்துவிடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாளில் காலி! ஹெட்லைட்டை அணைக்க மறந்தால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. வெளியில் பூட்டிய கேமரா, அலாரம், பாட்டுப் பெட்டி எல்லாமே சந்தேகக் கேஸ்தான்.

ஓடாமல் கிடந்தாலும் பேட்டரி சாகும். 2020 மார்ச் ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல, கதவைத் திறந்தபோது விளக்குகூட எரியாமல் கிடந்தன. சார்ஜ் இல்லாமலே கிடந்தால் உள்ளே ஈயத் தட்டுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது.

எமன் வெயில்தான்!

குளிர்தான் பேட்டரிக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் எமன் வெயில். அக்கினி நட்சத்திர வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்து தண்ணீரை வற்றடிக்கும், தட்டுகளை அரிக்கும். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாலு வருஷம் உழைத்த பேட்டரி நிஜமாகவே கிழம்தான்.

மூடி உள்ள பேட்டரியில் தட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் கூடாது. ஆசிட் ஊற்றுவது மகா தப்பு! வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

மாற்றத்தான் வேண்டுமா? பீடியை அணை!

சோதனையில் பேட்டரியே குற்றவாளி என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஜாக்கிரதை! சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பீடி நெருப்பு, ஒரு பொறி போதும், ‘டமார்’! கந்தக ஆசிட் முகத்தில் தெறித்தால் கண்ணே போய்விடும். தெறித்தால் 15 நிமிஷமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது மைனஸ் கடைசி. இந்த வரிசை மாறி, பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

அடுத்த வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்புவதிலும் வரிசை உண்டு. சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு முனை. மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல. அதற்குத் தள்ளி, அந்த வண்டியின் என்ஜின் இரும்பில்.

தள்ளிக் கிளப்பலாமே என்பார்கள். அந்தக் காலத்து அம்பாசடருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் கிளம்பும், நாலு பேர் தள்ளினாலும் கிளம்பும். இன்றைய வண்டியில் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அடியோடு செத்துவிட்டால் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் தள்ளவே வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

ஆம்பியர்-மணி பழசு அளவே இருக்கிறதா? பிளஸ் எந்தப் பக்கம், இடமா வலமா? பக்கம் மாறினால் ஒயர் எட்டாது. இழுத்து மாற்றிக் கொடுத்தால் வண்டியின் கம்ப்யூட்டரே போச்சு. சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் வண்டிக்குச் சாதாரண பேட்டரி சரிவராது.

உற்பத்தித் தேதிக் குறியீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். கடையில் பல மாதம் தூங்கிய பேட்டரி வேண்டாம். ‘60 மாத வாரண்டி’ என்றால் ஐந்து வருஷமும் இலவசம் என்று மயங்கக் கூடாது. அதில் ஒரு பாதி இலவச மாற்று. மறு பாதியில் விலையில் கொஞ்சம் தள்ளுபடி மட்டும் என்று இருக்கலாம். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்தால்தான் செல்லும்.

பழசு குப்பை அல்ல

பழைய பேட்டரி காயலான் கடைச் சரக்கு அல்ல. உள்ளே கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறது. அதனால்தான் கடையில் அதற்கு விலை கழித்துக் கொடுக்கிறார்கள். திருட்டுத்தனமாகத் திறந்த வெளியில் உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பழசைத் திரும்பப் பெற 2001-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-ல் வந்த புது விதி, தயாரிப்பாளர்களே பொறுப்பு என்கிறது. எனவே பில் தரும் கடையிலேயே கொடுப்பது நல்லது.

நம் டிரைவர் இப்போது வண்டியில் ஒரு மல்டிமீட்டர் வைத்திருக்கிறார். விடியற்காலைச் சவாரி என்றால் முந்தின ராத்திரியே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.

அன்றைக்கு வாட்ச்மேன் கேட்டாராம்: “இன்னா அண்ணே, டாக்டர் ஆயிட்டியா?”

“ஆமாப்பா. நாடி பார்க்காம மருந்து வாங்குறதில்ல” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே அடியில் கிளம்பியது!