உயர்ந்த கல்லூரியில் இடம்: பெருமை பள்ளிக்கா, மாணவருக்கா?

இரண்டு அடுப்புகள், இரண்டு பாத்திரங்கள், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். பத்து நிமிடம் கழித்து வெப்பநிலைமானியை வைத்துப் பார்க்கிறீர்கள். முதல் பாத்திரத்தில் 90 டிகிரி செல்சியஸ். இரண்டாவதில் 50 டிகிரி. எந்த அடுப்பு நல்ல அடுப்பு?

"முதல் அடுப்புதான்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் செய்முறை வகுப்பில் சற்றேனும் பழகிய மாணவர், "அடுப்பில் வைத்தபோது தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது?" என்று கேட்பார். முதல் பாத்திரத்தில் 85 டிகிரி வெந்நீரும், இரண்டாவதில் 20 டிகிரி தண்ணீரும் ஊற்றப்பட்டிருந்தால் கதை மாறிவிடுகிறது. வெப்ப இழப்பை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், முதல் அடுப்பு 5 டிகிரிதான் உயர்த்தியது. இரண்டாவது 30 டிகிரி உயர்த்தியது. தொடக்க வெப்பநிலை தெரியாமல் அடுப்பை எடைபோட இயலாது.

இந்தச் சிறிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வியை ஆராய்வோம். பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் பெற்றுத் தருவதில் தனியார் பள்ளி சிறந்ததா, பொதுப்பள்ளி சிறந்ததா? இக்கேள்வி உலகெங்கும் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி. எனினும் இதை மிகவும் கவனமாக அளந்து பார்த்திருக்கும் நாடு அமெரிக்கா. ஆகவே நாமும் அங்கேயே செல்வோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்காவில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும், கட்டணமில்லாத பள்ளி. இங்கிலாந்திலோ அதே பெயர் ஈட்டன் போன்ற பழைய தனியார் பள்ளிகளைக் குறிக்கும்! குழப்பம் வேண்டாம், இக்கட்டுரையில் பொதுப்பள்ளி என்பது வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியே.

ஒரே கணக்கு, இரண்டு முடிவுகள்

அமெரிக்க மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பொதுப்பள்ளிகளில் படிக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிப்போர் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. அப்படி இடம் பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுப்பள்ளியிலிருந்து வருபவர்கள்.

"பார்த்தீர்களா, பொதுப்பள்ளியே வென்றது!" என்று ஒருவர் சொல்லலாம். சற்றுப் பொறுங்கள். கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1000 மாணவர்கள். 900 பேர் பொதுப்பள்ளி, 100 பேர் தனியார் பள்ளி. கல்லூரியில் 10 இடங்கள். அவற்றில் 6 பொதுப்பள்ளிக்கும் 4 தனியார் பள்ளிக்கும் போகின்றன என்க. பொதுப்பள்ளியில் 150 பேருக்கு ஓரிடம். தனியார் பள்ளியில் 25 பேருக்கு ஓரிடம். விகிதத்தைப் பார்த்தால் தனியார் பள்ளி மாணவரின் வாய்ப்பு ஆறு மடங்கு!

அதே எண்கள்தாம். மொத்தத்தைப் பார்த்தவர் பொதுப்பள்ளியைப் புகழ்ந்தார். விகிதத்தைப் பார்த்தவர் தனியார் பள்ளியைப் புகழ்கிறார். விகிதம் மொத்தத்தைவிட நல்ல அளவீடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவும் கடைசி வெப்பநிலையே. அடுப்பு எவ்வளவு சூடேற்றியது என்பதை அது சொல்லவில்லை.

வாசலிலேயே ஒரு சல்லடை

தனியார் பள்ளிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அமெரிக்கத் தனியார் பள்ளி மாணவரில் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பள்ளிகள் முதலிய சமயச் சார்புள்ள பள்ளிகளில் படிக்கிறார்கள். ஹார்வர்டு, யேல் என்றவுடன் நினைவுக்கு வரும் தனியார் பள்ளிகள் மிகச் சிலவே. 1778இல் தொடங்கிய ஆண்டோவரின் பிலிப்ஸ் அகாடமியும், 1781இல் தொடங்கிய பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமியும் அவற்றுள் புகழ்பெற்றவை. ஆண்டோவரில் விடுதியில் தங்கிப் படிக்க இப்போது ஆண்டுக் கட்டணம் 70,000 டாலருக்கும் மேல். வசதியற்ற மாணவர் பலருக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே நுழையுமுன் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்ற சல்லடைகளைத் தாண்டியாக வேண்டும்.

இத்தகைய பள்ளிக்குள் வருகின்ற மாணவர், வரும்போதே நன்றாகப் படிப்பவர். வீட்டில் புத்தகங்கள் இருக்கும். பெற்றோர் கல்லூரி கண்டவர்களாக இருப்பர். நம் உவமையில் சொன்னால், பாத்திரத்தில் ஊற்றும்போதே அது வெந்நீர். போதாக்குறைக்கு வெயில் படும் இடத்திலும் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் 90 டிகிரி காட்டினால் அதில் அடுப்பின் பங்கு எவ்வளவு? வெயிலின் பங்கு எவ்வளவு?

சல்லடை தனியார் பள்ளிக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பொதுப்பள்ளிகளிலும் சில, நுழைவுத்தேர்வு வைத்தே மாணவரைச் சேர்த்துக்கொள்கின்றன. 1635இல் நிறுவப்பட்ட பாஸ்டன் லத்தீன் பள்ளி அத்தகையது. அது ஹார்வர்டைவிட ஓராண்டு மூத்தது! நியூயார்க்கின் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி ஆகியவையும் பொதுப்பள்ளிகளே. கட்டணமில்லாத இப்பள்ளிகளிலிருந்தும் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் பலர் போகிறார்கள். இந்தப் பள்ளிகளில்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் அருமையான சோதனை கிடைத்தது.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

நுழைவுத்தேர்வு என்றால் வெட்டுமதிப்பெண் ஒன்று இருக்கும். அது 80 என்று கொள்வோம். 80 பெற்றவருக்கு இடம் உண்டு. 79 பெற்றவருக்கு இல்லை. இவ்விருவருக்கும் திறமையில் என்ன பெரிய வேறுபாடு? அன்று காலை ஒருவருக்குத் தலைவலி. மற்றவர் முதல்நாள் படித்த கணக்கே தேர்வில் வந்தது. அவ்வளவே. ஏறத்தாழ ஒரே வெப்பநிலையுள்ள தண்ணீர், ஒரு மதிப்பெண் காரணமாக இரண்டு வெவ்வேறு அடுப்புகளுக்குப் போய்விடுகிறது! கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், வேறுபாடு பள்ளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். திசில்த்வெயிட், கேம்பெல் என்ற இருவர் இம்முறையை 1960இலேயே வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது பள்ளி மாணவருக்கான தகுதிச் சான்றிதழின் விளைவை.

பாஸ்டன், நியூயார்க் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளில் அப்துல்காதிரோக்ளு, ஆங்கிரிஸ்ட், பதக் ஆகிய மூவர் இம்முறையைக் கையாண்டு 2014இல் முடிவை வெளியிட்டனர். இவர்களுள் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், காரணகாரியத் தொடர்பை ஆராயும் முறைகளுக்காக 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

முடிவு என்ன? கோட்டைத் தாண்டியவரைச் சுற்றிலும் மிகத் திறமையான சக மாணவர்கள் அமர்ந்தார்கள். அந்த மாற்றம் உண்மை. ஆனால் பின்னர் எழுதிய தேர்வுகளில் பெரும்பாலானவற்றில், கோட்டின் இருபுறத்தாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நியூயார்க் பள்ளிகளைத் தனியே ஆராய்ந்த வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் ஆகியோரும் அதே ஆண்டில் இதையொத்த முடிவையே வெளியிட்டனர்: கோட்டைத் தாண்டியவர்கள் கடினமான பாடங்களைக் கூடுதலாகப் படித்தார்கள், ஆயினும் அவர்கள் சேர்ந்த கல்லூரியின் தரம் அதனால் உயர்ந்துவிடவில்லை.

இந்த அளவீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இது கோட்டுக்கு அருகில் நின்ற மாணவரைப் பற்றியே பேசுகிறது. வெகு உயரத்தில் இருந்தவருக்கும் வெகு கீழே இருந்தவருக்கும் இதே முடிவு பொருந்துமென்று நாம் நீட்டிவிடக் கூடாது. அளவுகோலின் இரு முனைகளுக்கு வெளியே அளக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம் அன்றோ?

அப்படியானால் தனியார் பள்ளியால் பயனே இல்லையா?

அவசரப்பட வேண்டாம். கல்வியில் கிடைக்கும் பயன் வேறு. கல்லூரி வாசலில் கிடைக்கும் பயன் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சி பன்னிரண்டு கல்வி நிலையங்களை எடுத்துக்கொண்டது: ஹார்வர்டு முதலிய ஐவி குழுவின் எட்டும், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகிய நான்கும். பொதுத் திறனறித் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். அதாவது, ஒரே வெப்பநிலையுள்ள தண்ணீர்! அப்படி ஒப்பிட்டபோதும், மிகுந்த வருமானமுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

கல்லூரிகள் முடிவெடுக்கும் முறையில் மூன்று காரணங்கள் தென்பட்டன. ஒன்று, அதே கல்லூரியில் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தரப்படும் சலுகை. இரண்டு, விளையாட்டு வீரர்களுக்கான தனிச் சேர்க்கை. மூன்றாவது காரணம்தான் நம் கேள்விக்கு நேரடியாக உரியது. பாடத்தைத் தவிரப் பிற செயல்கள், தலைமைப் பண்பு, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்குக் கல்லூரிகள் தனி மதிப்பீடு தருகின்றன. சமயச் சார்பற்ற தனியார் பள்ளி மாணவர்கள் இந்த மதிப்பீட்டில் உயர்ந்து நின்றார்கள். ஆனால் பாடத்திறன் மதிப்பீட்டில் அப்படிப்பட்ட ஏற்றம் இல்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வழிகாட்டி ஆசிரியர் ஒருவருக்கு 250 மாணவர் போதும் என்று அமெரிக்கப் பள்ளி வழிகாட்டிகளின் சங்கம் பரிந்துரைக்கிறது; நாட்டுச் சராசரியோ அதைவிட மிகுதி. முந்நூறு, நானூறு பேரைக் கவனிக்கும் ஒருவர், ஒவ்வொருவரையும் அறிந்து இரண்டு பக்கக் கடிதம் எழுத முடியுமா? சில பத்துப் பேரை மட்டும் கவனிப்பவரால் முடியும். மாணவரின் சூடு ஒன்றே. அதைப் படித்துச் சொல்லும் வெப்பநிலைமானி ஒரு பக்கம் சற்றுக் கூட்டிக் காட்டுகிறது!

மேலும் இரண்டு செய்திகளை அந்த ஆராய்ச்சி தருகிறது. மாநிலங்களின் முதன்மையான பொதுப் பல்கலைக்கழகங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சேர்க்கைச் சலுகை காணப்படவில்லை. அடுத்தது, பட்டம் பெற்றபின் ஒருவர் எவ்வளவு முன்னேறுவார் என்பதைத் திறனறித் தேர்வு மதிப்பெண்ணும் பாடத்திறன் மதிப்பீடும் ஓரளவு முன்கூட்டியே காட்டின. மேற்சொன்ன மூன்று சலுகைகளோ காட்டவில்லை.

வாசலைத் தாண்டிய பின்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் செய்முறை வகுப்பில் யாராவது ஒருவர் கடைசி மேசைக்குப் போய் ஒதுங்கி நிற்பார். கேட்டால், "நான் சாதாரண ஸ்கூல்ல படிச்சவன் சார்" என்று தயங்கிச் சொல்வார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பலரிடம் அந்தத் தயக்கம் மறைந்துவிடும். அவர்கள் எழுதும் பதிவேட்டைப் பார்த்து எந்தப் பள்ளி என்று என்னால் சொல்ல முடிவதில்லை. ஆனால் இது ஓர் ஆசிரியரின் அனுபவம், சான்று ஆகாது. சான்று வேறிடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் உயர்கல்வி நிதிக்குழு 2014இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பள்ளி இறுதித் தேர்வில் ஒரே தர மதிப்பெண் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, பட்டப்படிப்பில் அவர்கள் எப்படித் தேறினார்கள் என்று அது பார்த்தது. அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், தனியார் பள்ளிகளிலிருந்து வந்த அதே மதிப்பெண் மாணவர்களைவிட நல்ல வகுப்பில் பட்டம் பெறும் போக்குக் காணப்பட்டது.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? மெல்லிய அடுப்பில் 70 டிகிரியை எட்டிய தண்ணீரும், வலிய அடுப்பில் அதே 70 டிகிரியை எட்டிய தண்ணீரும் இப்போது ஒரே அடுப்புக்கு வந்திருக்கின்றன. குறைந்த உதவியோடு அந்த மதிப்பெண்ணை எட்டியவரிடம் வெளியே தெரியாத திறமை இன்னும் மீதமிருக்கலாம். தண்ணீருக்கு இல்லாத இந்தத் தன்மை மனிதருக்கு உண்டு. நம் உவமை இங்கே தோற்றுப்போவதில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் ஊர்ச் சுவர்களிலும் நாளிதழ்களிலும் மாணவர் படங்கள் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன. அடுத்த முறை காணும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். இத்தனை பேர் என்றால், எத்தனை பேரில்? இப்பள்ளிக்குள் வரும்போதே அவர்கள் எடுத்திருந்த மதிப்பெண் என்ன? பள்ளிக்கு வெளியே அவர்களுக்குக் கிடைத்த உதவி எவ்வளவு? இடையில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர்?

பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கும் தாய் இந்த விடைகளைக் கேட்க உரிமை உள்ளவர். கடைசி மேசையில் ஒதுங்கி நிற்கும் மாணவரும் ஒன்றை அறிய வேண்டும். பள்ளியின் பெயர் அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை ஓரளவு சொல்லலாம். அவர் எத்தனை டிகிரி ஏறி வந்திருக்கிறார் என்பதையோ, இன்னும் எவ்வளவு ஏறுவார் என்பதையோ சொல்லாது. அதை அளக்க வேண்டுமானால் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.