கொடியும் வணிகமும்

நாட்டு மக்களின் தன்மதிப்பைத் தாங்கி நிற்பது தேசியக் கொடி. ஆதலால் மக்கள் அதற்குத் தனிப்பெயரிட்டு வழங்குகின்றனர். பிரிட்டனின் கொடி ‘யூனியன் ஜாக்’. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட நமது கொடி ‘மூவண்ணக் கொடி’. இத்தகைய மதிப்பில் தமது சரக்கிற்கும் பங்கு தேட வணிகர் விரும்புவது இயல்பே. அதனை எந்த அளவிற்கு அனுமதிப்பது என்பதே வினா.

1887ஆம் ஆண்டில் பிரிட்டன் சரக்குக் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஜெர்மானியப் பொருள்கள் பிரிட்டிஷ் பொருள்களாக வேடமிட்டு விற்பனையாவதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கமாகும். ஆயினும் நாளடைவில் ஜெர்மானியத் தொழில்கள் தரத்தில் உயர்ந்தன. இழிவாகக் கருதப்பட்ட ‘ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது’ என்னும் சொற்களே தரத்தின் முத்திரையாயின.

சுவிட்சர்லாந்து தனது சிலுவைச் சின்னத்தை நிபந்தனைகளுடன் அனுமதிக்கின்றது. 2017 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, தொழிற்பொருளின் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு அந்நாட்டிலேயே ஆகியிருத்தல் வேண்டும்.

இந்தியாவின் நெறி வேறு. 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டம், மத்திய அரசின் முன் அனுமதியின்றித் தேசியக் கொடியையோ அதனைப் போன்ற போலி வடிவத்தையோ வணிகத்திற்கும் வணிகக் குறியீட்டிற்கும் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றது. 2002 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பும் கொடியை விளம்பரமாக்கலாகாது என விதிக்கின்றது.

அவ்வாறாயின் பொருளின் பிறப்பிடத்தை நுகர்வோர் அறிவது எங்ஙனம்? 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின் கீழ், இறக்குமதிப் பொட்டலங்களில் அவை தோன்றிய நாட்டின் பெயர் இடம்பெறல் வேண்டும். இணையவழி விற்பனையிலும் இவ்விவரம் அளிக்கப்படல் வேண்டும் என 2020ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

உறையின் மீதுள்ள வண்ணங்கள் சான்றாகா. சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட நாட்டின் பெயரே சான்றாகும். அயல்நாட்டுச் சரக்கு உள்நாட்டு வேடம் பூணும்போது ஏமாறுபவர் நுகர்வோர் மட்டுமல்லர். உண்மையாகவே இங்கு உழைத்து உற்பத்தி செய்யும் சிறுதொழிலாளரும் தமது சந்தையை இழக்கின்றனர். எனவே, வாங்குமுன் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்பது இருவருக்கும் நன்மை பயக்கும்.