மரம் பட்டாகும் வகை

மதுரையினின்று திண்டுக்கல்லுக்குச் செல்லும் வழியில் சின்னாளப்பட்டி என்னும் நெசவூர் உளது. சின்னாளப்பட்டிச் சேலையெனின், பட்டு வாங்க இயலாதாரின் பட்டு என்று நம் பாட்டிமார் அறிவர். அதன் பளபளப்பைத் தந்தது புழுவன்று, மரமே என்றால் வியப்பன்றோ?

பஞ்சும் மரமும் செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளை உடையன. பஞ்சில் அது நூற்றற்கேற்ற இழையாகவே விளைகின்றது. மரத்திலோ பிறபொருள்களோடு பிணைந்து கிடக்கின்றது. அதனைக் கரைக்கும் வழியை 1892ஆம் ஆண்டில் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர் மூவர் கண்டனர். மரக்கூழைக் காரச் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, மீண்டும் கார நீரிற் கரைத்தால் தேன்போன்ற பாகு உண்டாகும். அதனை நுண்டுளைகளின் வழியே கந்தக அமிலத் தொட்டியுட் செலுத்த, இழையாய் இறுகும். இடியாப்பம் பிழிதலை ஒத்தது இஃது எனலாம், உண்பார்தாம் இலர்! இவ்விழையே ரேயான். நனைந்தால் வலிமை குன்றுமாதலின், இச்சேலையை முறுக்கிப் பிழிதல் ஆகாது.

ஆயினும் பெருங்குறை சேலையிலன்று, ஆற்றிலே என்பது நம் கருத்து. பவானிக்கரைச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை, நீலகிரியின் தைல மரங்களையும் சீகை மரங்களையும் கூழாக்கியது. அதன் கழிவுநீரைப்பற்றி உழவர் முறையிட்டனர். 2001இல் ஆலை நின்றது. தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

பிற்காலத்து லயோசெல் முறையில் கார்பன் டைசல்பைடு வேண்டுவதில்லை. அமின் ஆக்ஸைடு வகைக் கரைப்பான் ஒன்று கூழை நேரே கரைக்கின்றது. அதில் நூற்றுக்கு 99 பங்குக்குமேல் மீட்டு மறுபடியும் பயன்படுத்துவர். இழையும் ஈரத்தில் அத்துணை நலிவதில்லை. விலைமட்டும் விஸ்கோஸினும் மிகுதி. பட்டு வாங்க இயலாதார்க்கென்று வந்த இழைக்கு இது சிறு தடையன்று.