உடற்கடிகாரத்தை நடத்தும் புரதம்

உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் உடற்கடிகாரம், ஒரு புரதம் தன் உற்பத்தியைத் தானே தடுத்துக்கொள்ளும் பின்னூட்டத்தால் இயங்குகிறது என்பது பழ ஈக்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1971இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் கொனாப்காவும் சீமோர் பென்சரும் அடையாளம் கண்ட ‘பீரியட்’ மரபணுவில் நேர்ந்த மாற்றங்களால் ஈயின் அன்றாடச் சுழற்சி 19 மணி நேரமாகக் குறுகியது, 28 மணி நேரமாக நீண்டது, அல்லது ஒழுங்கையே இழந்தது.

இம்மரபணுவின் செய்தியை ஏந்திச் செல்லும் தூது ஆர்.என்.ஏ. முன்னிரவில் பெருகினாலும், அதிலிருந்து உருவாகும் ‘பெர்’ புரதம் பல மணி நேரம் கழித்தே உச்சத்தை எட்டுகிறது. இத்தாமதமே கடிகாரத்தின் உயிர்நாடி. புரதம் உடனுக்குடன் சேர்ந்து மரபணுவை அடக்கிவிட்டால் ஆர்.என்.ஏ., புரதம் இரண்டின் அளவும் மாறாமல் நிலைத்து, ஏற்ற இறக்கமே இல்லாமற்போகும். இத்தாமதத்தை உண்டாக்குவது ‘டபுள்டைம்’ என்னும் நொதி: அது பெர் புரதத்தின்மீது பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றி அதை அழிவுக்கு உள்ளாக்குவதால், ‘டைம்லெஸ்’ என்னும் மற்றொரு புரதத்துடன் இணைந்த பெர் மட்டுமே பிழைத்து, உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, தன் மரபணுவை அடக்குகிறது. காலை ஒளி டைம்லெஸ் புரதத்தைச் சிதைக்க, காப்பிழந்த பெர் படிப்படியாக அழிந்து, உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது.

இவ்வியக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். பெர் புரதத்தின் மனித வடிவங்களுள் ஒன்றான ‘பெர்2’ புரதத்தில் செரீன் என்னும் ஒரேயொரு அமினோ அமிலத்தின் இடத்தில் கிளைசின் அமைந்து, பாஸ்பேட் ஏறுவது குறைந்த ஒரு குடும்பத்தினர், அந்தி சாய்ந்ததுமே உறங்கி, விடியுமுன்னரே விழித்துக்கொள்கின்றனர் என்பது 2001இல் கண்டறியப்பட்டது.